உருக்காமல் பிறக்கும் அலுமினியக் கலவை

ஜன்னல் சட்டம், சோற்றுப் பானை, ஸ்கூட்டர் இன்ஜின் மூடி. காயலான் கடையில் மூன்றுக்கும் பெயர் அலுமினியம்தான். ஆனால் சட்டத்தில் மெக்னீசியமும் சிலிக்கனும் கொஞ்சம் உண்டு. இன்ஜின் மூடியில் சிலிக்கன் ஏராளம், கூடவே தாமிரம். பானை கிட்டத்தட்ட சுத்த அலுமினியம். மூன்றையும் ஒன்றாக உருக்கினால் மூன்றில் எதுவாகவும் திரும்பாது.

பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். உருக்குவது சுலபம், சேர்ந்ததைப் பிரிப்பதுதான் பாடு. முக்கிய வில்லன் இரும்பு. கழற்றாமல் விட்ட ஒரு திருகு போதும், உருகிய அலுமினியத்தில் கரைந்துவிடும். பிறகு அதை எடுக்கக் கட்டுபடியாகும் வழி இல்லை. உலோகம் உறையும்போது இந்த இரும்பு, அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் கூடி மெல்லிய தகடுகளாகிறது. வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் ஊசி ஊசியாகத் தெரியும். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஃபவுண்டரிகளில் மாங்கனீஸ் சேர்த்து அந்த வடிவத்தை மழுக்குவார்கள். இல்லையென்றால் புது அலுமினியத்தை ஊற்றி இரும்பின் விகிதத்தைக் குறைப்பார்கள். அப்படியும் ரகம் கலந்த பழைய அலுமினியம் பெரும்பாலும் இன்ஜின் வார்ப்புகளில்தான் போய் நிற்கிறது. மின்சார வண்டிகள் பெருகினால் அந்த வார்ப்புகளுக்கும் தேவை குறையும்.

அமெரிக்காவின் ரிச்லாந்து நகரில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் உருக்குவதையே விட்டுவிட்டது. அங்கே ஜன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் 6063 ரக அலுமினியக் கழிவுத் துண்டுகளோடு தாமிரம், துத்தநாகம், மெக்னீசியம் சேர்த்து, சுழலும் அச்சு ஒன்றை அவற்றின்மேல் பலமாக அழுத்துகிறார்கள். உலை கிடையாது. உராய்வின் சூட்டிலேயே உலோகம் இளகி, உருகாமலே பிசைந்த மாவுபோலக் கலந்து, அச்சின் துளை வழியாகக் கம்பியாக வெளியே வருகிறது. இந்த முரட்டுப் பிசைதலில் இரும்புத் தகடுகளும் பொடிப்பொடியாகிச் சிதறிவிடுகின்றன. 2024-இல் வெளியான இந்த ஆய்வில் கிடைத்தது, விமானங்களுக்குப் பயன்படும் 7000 வரிசைக் கலவைகளின் சாயல் கொண்ட உலோகம். அதற்குள் நானோமீட்டர் அளவில் அணுக்கள் திரண்டு, படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தடுக்கின்றன. வலிமை அதிலிருந்துதான் வருகிறது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, பழையது என்றாலே ஒரு படி இறங்கியாக வேண்டும் என்ற நிலை உடைந்திருப்பது. ஆனாலும் ஆய்வகத்துக்குப் போனது என்ன ரகம் என்று தெரிந்த தொழிற்சாலைத் துண்டுகள். வீட்டுக் கழிவில் சட்டமும் மூடியும் கலந்தேதான் வருகின்றன. எக்ஸ்ரேயோ லேசரோ பாய்ச்சித் துண்டு துண்டாக ரகம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் இப்போதே உள்ளன. அந்த வேலை நடந்தால்தான் எந்தத் துண்டோடு எதை, எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் போட முடியும்.