திரும்பத் திரும்ப வரும் கண் நோய்... பூனையின் கண்ணில் பூ விழாமல் காப்பது எப்படி?

ஜவ்வாதுமலையில் சாமை மூட்டை வீட்டுக்குள் வந்தால், பின்னாலேயே எலியும் வந்துவிடும். அதனால் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலை ஊர்களில் பூனை வெறும் செல்லப்பிராணி இல்லை; தானியத்துக்குக் காவல்காரனும்கூட. அந்தக் காவல்காரன் ஒருநாள் காலையில் ஒரு கண்ணைத் திறக்க முடியாமல், பீளை கட்டி, நீர் ஒழுக நிற்கும். 'பனிக்காலம், குளிர் ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவோம். பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிடும். இரண்டு மாதம் கழித்து, மறுபடியும் அதே கண்!

இப்படி விட்டுவிட்டு வரும் கண் நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வைரஸ் இருக்கும். அதைப் பூனையின் உடம்பிலிருந்து முழுதாக விரட்ட முடியாது. ஆனால், கண்ணைக் காப்பாற்ற முடியும். பல பூனைகளின் பார்வையைப் பறிப்பது வைரஸ் மட்டுமல்ல. நாம் ஊற்றும் தவறான சொட்டு மருந்தும், 'பார்த்துக்கலாம்' என்ற தாமதமும்தான்.

நரம்பில் ஒளிந்திருக்கும் வைரஸ்

பூனைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இது. 1958-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. சின்னம்மை வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்து அக்கி வருகிறதல்லவா? அதே குடும்பம்தான். நோய் ஆறிய பிறகும் வைரஸ் வெளியேறாது. முகத்து நரம்பின் முடிச்சில் போய்த் தூங்கும். தொற்றிய பூனைகளில் சுமார் 80 சதவிகிதம் வாழ்நாள் முழுக்க இதைச் சுமக்கின்றன.

பூனை மிரண்டாலோ, உடல் தளர்ந்தாலோ வைரஸ் விழித்துக்கொள்ளும். புது வீடு, புதுப் பூனை, பிரசவம், வேறொரு நோய், நீண்ட பயணம், தீபாவளி வெடிச் சத்தம் எல்லாமே காரணமாகலாம். மிரண்ட நாளுக்கும் கண் கலங்கும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம்வரை இடைவெளி இருக்கலாம். அதனால்தான் காரணம் நமக்குப் பிடிபடுவதில்லை.

ஒரு நிம்மதி: இந்த வைரஸ் மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. பூனைக்குப் பூனை மட்டும்தான்.

எப்போது அவசரம்?

தெளிவான நீர், லேசான சிவப்பு, தும்மல் இவை தொடக்க அறிகுறிகள். கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்க்க மறுப்பது
• கருவிழி மங்கி, வெண்மையாகவோ நீலம் பாய்ந்தோ தெரிவது. நம் பாட்டிகள் 'பூ விழுந்திருக்கு' என்பார்களே, அதுதான்
• கருவிழியில் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு
• மஞ்சள், பச்சை நிறப் பீளை
• ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது

குட்டிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இமையின் உட்பக்கம் கருவிழியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு பிரிப்பது கடினம்.

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து வேண்டாம்

மலையிலிருந்து பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போவது ஒருநாள் வேலை. அதனால் வீட்டில் மிச்சமிருக்கும், நமக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை எடுப்பது இயல்பு. ஆபத்து அங்கேதான். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று சீசாவில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு குறையும். சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளேயோ கண்ணின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, வைரஸ் பெருகி, கருவிழிப் புண் ஆழமாகும். கண்ணே ஓட்டையாகும் நிலைகூட வரலாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது; பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

மருத்துவர் என்ன செய்வார்?

சாயம் தோய்ந்த சிறு தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். மரக்கிளைபோல் பிரியும் கோடுகள் தெரிந்தால், அது இந்த வைரஸின் அடையாளம். இந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

கூடவே வரும் பாக்டீரியா தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தோ களிம்போ தருவார். நோய் கடுமையாக இருந்தால் ஃபாம்சைக்ளோவிர் மாத்திரை உதவும்; பூனையின் எடை பார்த்து அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவை பூனைக்கு நஞ்சு. லைசின் பொடி பல வருடங்களாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2015-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு அதனால் பலனில்லை என்றது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் இலவச எண் 1962. மாடு பார்க்க மருத்துவர் ஊருக்கு வந்தால், பூனையையும் காட்டி யோசனை கேளுங்கள். அவர் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், மூங்கில் கூடையில் பழைய துணி விரித்து, மேலே மூடிக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். இருட்டில் இருந்தால் மலைப்பாதை வளைவுகளில் பூனை அதிகம் மிரளாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. காய்ந்த பீளையைப் பிய்க்காமல், ஊறவிட்டு எடுங்கள்.
• இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. முதலில் சொட்டு, பிறகு களிம்பு.
• கண் தெளிந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை போடுங்கள்.
• மூக்கடைத்தால் வாசனை தெரியாது. வாசனை இல்லாவிட்டால் பூனை சாப்பிடாது. வேகவைத்த மீனை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது.
• நோயுற்ற பூனைக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை. ஈரமான இடத்தில் வைரஸ் 18 மணி நேரம்வரை உயிரோடு இருக்கும். சோப்பால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மருந்து போட்டதும் கையைக் கழுவுங்கள்.
• பனி இரவுகளில் அடுப்பங்கரை ஓரமாக, புகை அண்டாத இடத்தில் ஒரு சாக்குப் படுக்கை போடுங்கள். புகை கண்ணை மேலும் உறுத்தும்.

தடுப்பூசி உண்டா?

உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூஸ்டர். தொற்றையே தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், வந்தால் நோயின் வேகம் குறையும்.

இன்னொரு வேலை, செல்போனிலேயே முடியும். கண் கலங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். அதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன மாறியது என்றும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு, உங்கள் பூனைக்கு எது ஆகவில்லை என்று தெரிந்துவிடும். அடுத்த முறை, கண் மூடும் முன்பே நீங்கள் தயாராக இருப்பீர்கள்.