தவக்காலமும் அன்றாட உணவும்

திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறினையும் நீக்க எஞ்சுவன 40. கத்தோலிக்கர் தவக்காலம் என்பதும், ஏனைய சபையார் பலர் லெந்து நாட்கள் என்பதும் இதனையே. கர்த்தர் உயிர்த்தெழுந்த ஞாயிறு நோன்பு நாளாகாது என்பது பழைய மரபு.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களில் இந்நோன்பு கடினமானதொரு வினாவை எழுப்புகின்றது. அரைவயிறு உண்பவன் எதனை விட்டு நோற்பது? 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவினின்று புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்துத் தோட்டஞ் சேர்ந்தோரிடையே ஊழியஞ் செய்ய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. அதில் போதித்தவர்களும் திருநெல்வேலிச் சீமையினின்று வந்த தமிழரே. கேட்டவர்களின் நிலையோ வேறு: பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தாலன்றிக் கூலி இல்லை, அரைப்பேர் விழுந்தால் அரைக்கூலிதான்.

நாட்கூலியால் வாழ்வோருக்கு, யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் மன்னாவின் வரலாறு எளிதில் விளங்கும். வனாந்தரத்தில் ஆளுக்கு ஓர் ஓமர் அளவே கிடைத்தது. மறுநாளுக்கென ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. இதனைச் சேமிப்பையே பழிக்கும் கதையாகக் கொள்வோர் உளர். அது பொருந்தாது, ஓய்வுநாளுக்கு முன்தினம் இரட்டிப்பாகச் சேர்த்து வைக்கக் கட்டளை இருந்ததன்றோ? மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை என்பதே அங்குக் கருதத்தக்கது. எருசலேமின் ஏழைகளுக்குப் பொருள் திரட்டுகையில், பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டியதும் இதுவே. ஆகவே கடவுள் அளிக்கும் உணவு பெரும்பாலும் பிறரொருவர் கைவழியே வந்து சேர்கின்றது.

தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் வழங்கும் பிடியரிசி இக்கருத்துக்கு நல்ல விளக்கமாகும். அரிசியை உலையிலிடுமுன் ஒரு பிடி வேறு கலத்திற்குச் செல்லும். நாளைக்கும் கிடைக்கும் என்னும் நம்பிக்கை இல்லாதவள் அந்தப் பிடியை எடுத்து வைக்க மாட்டாள். 2022இல் அரிசி விலை ஏறி, இலங்கையில் எத்தனையோ குடும்பங்கள் வேளை உணவைக் குறைத்துக்கொண்டன. அத்தகையோரிடம் வெறுங்கையுடன் சென்று, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லித் திரும்புவது பக்தியாகாது. யாக்கோபின் நிருபம் அத்தகைய சொல்லைக் கடிந்தே பேசுகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபையின் விதியும் இரக்கமுடையதே. முழு நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரு நாட்களுக்கே உரியது. அன்றும் ஒரு வேளை நிறைவாக உண்ணலாம். 18 வயது நிறையாதோரையும், 60ஆம் வயதில் அடியெடுத்து வைத்தோரையும் அது கட்டுப்படுத்தாது. நோயாளர், கருவுற்ற தாய்மார், கடுமையாக உழைப்போர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. மலைச்சரிவில் கொழுந்துக்கூடை சுமப்பவள் தடையின்றி உண்ணலாம். நோன்புக்குப் பதிலாகச் செபத்தையோ பிறருக்கு உதவும் செயலையோ அவள் மேற்கொள்ளலாம். அடுத்த லயத்தில் நோயுற்றுக் கிடப்பவருக்கு ஒரு குடம் நீர் கொண்டுவந்து கொடுப்பதும் அவ்வகையைச் சார்ந்ததே.