எஞ்சின் சூடு எங்கே போகிறது?

செமிலிங் படகுத்துறையில் ஒரு சிறு படகின் எஞ்சினை முடுக்கியதும், அதன் விலாவிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீச்சியடிக்கும். மெர்போக் ஆற்றில் தூண்டில் போடப் போகிறவரும், கண்டல் காட்டைச் சுற்றிக் காட்ட ஆள் ஏற்றுகிறவரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். தண்ணீர் வருகிறது, போகலாம். அந்தத் தாரைக்குப் பின்னால் தண்ணீர் வந்த வழி எது என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். அந்த வழியைத் தெரிந்துகொண்டு எஞ்சின் வாங்கினால், பின்னால் பட்டறைக்குக் கொட்டும் பணத்தில் பாதி மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சூட்டின் அளவைப் பார்த்துவிடுவோம். 15 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல். ஆக, மணிக்கு 45 கிலோவாட் மணி, அதாவது 45 கிலோவாட் உள்ளே போகிறது. 15 குதிரைத்திறன் என்பது 11 கிலோவாட். அதாவது கொடுத்த ஆற்றலில் கால் பங்கு மட்டுமே விசிறியைச் சுழற்றுகிறது. மீதி 34 கிலோவாட்டும் வெறும் சூடு. வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் மின்கெண்டி 2 கிலோவாட். பதினேழு கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதிக்கும் சூடு அது. இரண்டு கைகளால் தூக்கிவிடக்கூடிய அந்த எஞ்சினுக்குள் இவ்வளவு சூடு பிறக்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் புகையோடு போய்விடும். மிச்சத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய பொறுப்பு தண்ணீருக்கு.

தண்ணீர் அதை எப்படிச் செய்கிறது என்று அறிய அடுப்படிக்குப் போனால் போதும். குழந்தை பசியில் அழுகிறது, பால் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. அம்மா என்ன செய்வார்? அகன்ற கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பால் டம்ளரை வைப்பார். பாலும் தண்ணீரும் கலப்பதில்லை. சூடு மட்டும் டம்ளரின் சுவரைத் தாண்டிக் கிண்ணத்துக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், அதற்குப் பிறகு பால் ஆறுவது மந்தமாகும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் மறுபடி வேகம் பிடிக்கும். டம்ளரின் வெளிப்புறத்தில் மாவோ கரியோ அப்பியிருந்தால் ஆறுவதற்கு நேரம் கூடும். படகு எஞ்சினைக் குளிரவைக்கும் முறைகள் எல்லாமே இந்தக் கிண்ணமும் டம்ளரும்தான். தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், சுவர் சுத்தமாக இருக்க வேண்டும், கிண்ணம் போதுமான அளவு இருக்க வேண்டும்.

வெளியே மாட்டும் எஞ்சினில், மலாய்க்காரர்கள் எஞ்சின் சங்குட் என்று சொல்வதில், எஞ்சினின் உருளைதான் டம்ளர். உள்ளே நெருப்பு. உருளையைச் சுற்றிக் கிண்ணம்போல் குடைந்த இடைவெளிகள். ஆற்றுத் தண்ணீரே நேராக அந்த இடைவெளிகளில் ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி ஆற்றிலேயே இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டால், தண்ணீர் ஏற்க வேண்டிய சூடு 15 கிலோவாட் என்றும், 30 டிகிரியில் நுழையும் தண்ணீர் 55 டிகிரியில் வெளியேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு எட்டு ஒன்பது லிட்டர் ஓட வேண்டும். சமையலறைக் குழாயை நன்றாகத் திறந்தால் வருகிற அளவுதான். அது ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது.

இந்தத் தண்ணீரை மேலே தள்ளுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். விசிறிக்கு மேலே, கியர் பெட்டியின் தலையில், ஒரு சின்ன உலோகக் கிண்ணிக்குள் அது இருக்கும். சக்கரம் கிண்ணியின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் வரும்போது ரப்பர் இதழ்கள் மடங்கும், அகன்ற பக்கம் போனதும் நிமிரும். நிமிரும்போது இதழ்களுக்கிடையே தண்ணீர் நிரம்புகிறது, மடங்கும்போது பிதுங்கி மேலேறுகிறது. வேறு வால்வு எதுவும் இல்லாத எளிய ஏற்பாடு.

பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு ரப்பர் என்றால் நம் ரப்பர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இம்பெல்லருக்குப் பால்மரத்து ரப்பர் ஆகாது. எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் அது ஊதிவிடும். அதனால் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரிலும், எண்ணெய் அதிகம் படும் இடத்துக்கு நைட்ரைல் என்ற இன்னொன்றிலும் செய்கிறார்கள். எந்த ரப்பரானாலும் ஒரு பலவீனம் உண்டு. இதழ்களுக்கும் உலோகத்துக்கும் நடுவே வழுக்கல் தருவது அந்தத் தண்ணீர்தான். படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, ‘சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்’ என்று தண்ணீரில்லாமல் முடுக்கினால், ஒரு நிமிடத்துக்குள் இதழ்கள் கருகிவிடலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் ஆற்றின் நடுவில் தெரியும்.

பல கம்பெனிகளின் கையேடுகள் 100 மணி நேர ஓட்டத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை இதைத் திறந்து பார்க்கச் சொல்கின்றன. மெர்போக் போன்ற சேற்று ஆற்றில் அந்தக் கெடுவைத் தள்ளிப்போடவே கூடாது. நுண்மண் கலந்த தண்ணீர் உப்புத்தாள்போல் தேய்க்கும். இதழ் முனையும் கிண்ணியின் உட்சுவரும் தேய்ந்து இடைவெளி விழும், தள்ளும் சக்தி குறையும். மாற்றும்போது பழைய சக்கரத்தின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அது எஞ்சினுக்குள்ளே எங்கோ ஒரு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டுப் பயனில்லை. மெக்கானிக்கிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இது.

விலாவில் பீச்சும் தாரையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது முழுத் தண்ணீரும் இல்லை, ஒரு கிளை. சக்கரம் தண்ணீர் இழுக்கிறது என்பதற்கு அது சாட்சி. உருளையைச் சுற்றியுள்ள எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன என்பதற்குச் சாட்சி ஆகாது. தாரையில் கை வைத்துப் பார்க்கிற பழக்கம் நல்லது. நாள்தோறும் வெதுவெதுப்பாக வந்தது இன்று கை சுடுகிறது என்றால் உள்ளே ஓட்டம் குறைந்திருக்கிறது.

அடுத்தது தெர்மோஸ்டாட். உருளைக்கு மேலே வழியை மூடித் திறக்கும் சின்ன கதவு. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் தள்ளுகிறது, ஆறினால் சுருங்கிக் கதவு மூடிக்கொள்கிறது. கடல் தண்ணீரை நேராக ஏற்றும் எஞ்சின்களில் இது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும். காரில்போல் 80, 90 வரை விடாததற்குக் காரணம் உப்பு. சூடு ஏற ஏறக் கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகை உப்புகள் பிரிந்து சுவரில் படியத் தொடங்கும். டம்ளரில் அப்பிய மாவுபோல அது சூட்டைத் தடுக்கும்.

‘நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு இது?’ என்று அந்தக் கதவைக் கழற்றி எறியும் வழக்கம் உண்டு. தவறான வழக்கம். எஞ்சினுக்கு அளவான சூடு தேவை. குளிர்ந்த உருளையில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும், கரி படியும். கதவு சிக்கிக்கொண்டால் புதிது வாங்கிப் போடுங்கள். எஞ்சினில் மலிவான உறுப்புகளில் ஒன்று அது.

வாங்கும் நேரத்தில் நம் ஆற்றுக்கென்று பார்க்க வேண்டியவை சில. மெர்போக் தண்ணீர் ஏற்றத்தில் உப்பாகவும், வற்றத்தில் மலைத் தண்ணீர் கலந்தும் மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கத் தன்னையே அரிக்கக் கொடுக்கும் கட்டி ஒன்று கீழே மாட்டப்பட்டிருக்கும். அனோட் என்பார்கள். முழு உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் போதும். உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் துத்தநாகத்தின் மேல் ஓடு படிந்து அது வேலை செய்யாமல் போகலாம். அங்கே அலுமினியக் கலவையே நல்லது. அதன் மேல் வண்ணம் பூசாதீர்கள்.

பொருத்தும்போது உயரம் முக்கியம். படகின் பின்பலகை 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்த பிறகே குட்டைக் கால் எஞ்சினா நெட்டைக் கால் எஞ்சினா என்று முடிவு செய்ய வேண்டும். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிப்பாகத்தோடு சமமாகவோ சற்றுக் கீழாகவோ நிற்க வேண்டும். உயர்ந்துவிட்டால், தண்ணீர் நுழையும் துளைகள் வேகத்தில் காற்றை இழுக்கும். தாழ்ந்துவிட்டால் வற்றத்தில் சேற்றை இழுக்கும். சேற்று மேட்டில் படகு உரசும்போது எஞ்சினை ஓடவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதைவிட, நிறுத்தித் தூக்கிவிட்டுத் துடுப்பால் தள்ளுவது எஞ்சினுக்கு நூறு மடங்கு நல்லது.

ஆற்று வாயில் தஞ்சோங் டாவாய்ப் பக்கம் போனால் வேறு வகைப் படகுகளைப் பார்க்கலாம். படகின் வயிற்றிலேயே டீசல் எஞ்சினை வைக்கும்போது பல இடங்களில் இரட்டை ஏற்பாடு செய்கிறார்கள். இங்கேயும் டம்ளரும் கிண்ணமும் பொருந்தும், உள்ளும் புறமும் மட்டும் இடம் மாறும். எஞ்சினைச் சுற்றி ஓடுவது கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர். அதுதான் பால். பெரும்பாலும் குழாய்க் கற்றை ஒன்றுக்குள் கடல்நீர் ஓடி, குழாய்களுக்கு வெளியே ஓடும் கூலண்டின் சூட்டை வாங்கிப் போகும். உப்பு எஞ்சினைத் தொடுவதே இல்லை. கடல்நீர் நுழையும் அடைப்பானை எட்டி மூடக்கூடிய இடத்தில் வையுங்கள், குழாய்க்கு இரண்டிரண்டு கிளிப் போடுங்கள். அந்தக் குழாய் கழன்றால் படகு மூழ்கும்.

மூன்றாவது வழி, டம்ளரையே ஆற்றில் இறக்கிவிடுவது. கூலண்ட் ஓடும் குழாய்களைப் படகின் அடியில் வெளியே பதித்துவிடுவார்கள். சேறு உள்ளே வரவே வராது என்பதால் கண்டல் ஆற்றுக்கு இது எனக்குப் பிடித்த முறை. கடல்நீர் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. ஆனால் குழாயின் மேல் சிப்பியும் பாசியும் ஒட்டினால் கிண்ணத்துக்கும் பாலுக்கும் நடுவே போர்வை போர்த்தியது மாதிரிதான். கரையேற்றிச் சுரண்டியே ஆக வேண்டும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சூடு பாயும் வேகம் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 80 டிகிரி என்றால், 8 டிகிரி கடலில் வித்தியாசம் 72. 30 டிகிரி மெர்போக்கில் 50. அதே வேலைக்கு இங்கே ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பு வேண்டும். குளிர்நாட்டில் கழற்றிய பழைய எஞ்சினை மலிவாக வாங்குகிறவர்கள் கூடவே வரும் குழாய்க் கற்றையின் அளவையும் விசாரிக்க வேண்டும்.

அந்தக் குளிர்நாட்டுக்காரர்கள் இந்தச் சூட்டை எறிவதும் இல்லை. எஞ்சினிலிருந்து வரும் 80 டிகிரித் தண்ணீரை ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகப் படகு அறைக்குள் சுற்றவிட்டு, விசிறி வைத்து வெப்பக் காற்று எடுத்துக்கொள்வார்கள். எஞ்சின் நின்றால் அறையும் குளிர்ந்துவிடும். அதனால் இரவு தங்குகிறவர்கள் தனி டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெக்கர், பின்லாந்தின் வாலாஸ் ஆகியவை அதில் பெயர் போனவை. 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் அளவே டீசல் குடிக்கும். அங்கேயும் அதே டம்ளர்ச் சுவர்தான்: நெருப்பு ஒரு பக்கம், அறைக் காற்று மறுபக்கம். நெருப்புக்கான காற்றுக்கும் புகைக்கும் தனித்தனிக் குழாய் வெளியே போகும். அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அதற்கு மணமில்லை, தூங்குகிறவர் எழமாட்டார். கனடாவிலோ நார்வேயிலோ படகு வைத்திருக்கும் உறவினர் இருந்தால், அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி அறையில் இருக்கிறதா என்று அடுத்த தொலைபேசி அழைப்பில் கேளுங்கள்.

நம் ஆற்றுக்குத் திரும்பினால், கடைசி வேலை கரையேறிய பிறகு. தண்ணீர் நுழையும் துளைகளில் காதுமூடிபோன்ற கிண்ணங்களை மாட்டி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கியர் போடாமல் ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். உப்பும் மண்ணும் கழுவிப் போகும். விசிறிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஓடையின் நடுவில் சூட்டுமணி அலறினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நீர் வற்றுகிற நேரமானால் முதலில் நங்கூரம், பிறகு மற்றது. எஞ்சினைத் தூக்கி, துளைகளில் பிளாஸ்டிக் பையோ இலையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அங்கேயே இருக்கும். தாரை வரும் துளைக்குள் தூண்டில் நரம்பை நுழைத்துக் குத்திவிடுங்கள். சுடும் எஞ்சினின் மேல் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், உலோகம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வளையலாம். நன்றாக ஆறவிட்டு முடுக்குங்கள். சில நொடிகளில் தாரை வராவிட்டால் மறுபடி நிறுத்திவிடுங்கள், போனது இம்பெல்லர். பையில் புதுச் சக்கரம் இருந்தாலும் எஞ்சினின் கீழ்ப்பாகத்தையே கழற்றி இறக்க வேண்டிய வேலை அது, கண்டல் சேற்றில் நின்று செய்ய முடியாது. துடுப்பை எடுத்துக்கொண்டு, ஏற்றம் திரும்புகிற வரை காத்திருந்து, நீரோட்டத்தோடு செமிலிங் துறைக்கு வந்து சேருங்கள்.