களஞ்சியம் கட்டியாயிற்று, கட்டுரைகள் எங்கே?

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை, யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் சேர்த்து வைக்கும் இடமே ஆய்வுக் களஞ்சியம். அதை அமைக்க மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் 'ஈபிரிண்ட்ஸ்' 2000-லும், எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் உருவாக்கிய 'டிஸ்பேஸ்' 2002-லும் வந்துவிட்டன, இரண்டும் இலவசம். ஆனாலும் பல களஞ்சியங்களில் தலைப்பும் சுருக்கமும் கிடைக்கின்றன, கட்டுரை கிடைப்பதில்லை.

ஆய்வாளர்களின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பதிப்பகம் அச்சுக்கோத்துத் தரும் பிரதியை ஏற்ற பெரும்பாலும் அனுமதியில்லை. மதிப்பாய்வுக்குப் பின் ஆசிரியர் திருத்தி அனுப்பிய கடைசி வரைவைத்தான் பல இதழ்கள் விடுகின்றன. அதுவும் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து. அதற்குள் அந்த வரைவு யாருடைய கணினியில் கிடக்கிறது என்பதே மறந்துபோகும். விதி தெரியாமல் ஏற்றிவிட்டு வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேறு.

வேண்டிக் கேட்டால் நடக்குமா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2005-ல் கேட்டுப் பார்த்தன. தங்கள் நிதியில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் 'பப்மெட் சென்ட்ரல்' களஞ்சியத்தில் சேர்க்கும்படி கோரின. முதல் மாதங்களில் வந்தவை 4 சதவீதத்துக்கும் குறைவு. 2008-ல் அது கட்டாயமானது, வரத்தும் பெருகியது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் கூர்மையாக யோசித்தது. அங்கே ரெக்டராக இருந்த பெர்னார்ட் ரென்டியே வைத்த விதி எளியது: பதவி உயர்வுக்கும் உள்நிதிக்கும் ஒருவரின் வெளியீட்டுப் பட்டியல் 'ஓர்பி' களஞ்சியத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும். அங்கே இல்லாத கட்டுரை கணக்கில் வராது. இதழ் விதித்த காத்திருப்புக் காலம் முடியாத கட்டுரையையும் பொதுவில் திறக்காமல் உடனே ஏற்றிவிடலாம். வாசகர் கேட்டால் ஆசிரியரே தனிப்பிரதி அனுப்புவார். என் பார்வையில், இந்தத் துறையில் யாரும் கண்ட மிகச் சிறந்த வழி இதுதான்.

இந்தியாவிலும் இப்படிக் கட்டாயமாக்குவது புதிதல்ல. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதியை 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கட்டாயமாக்கியதால்தான் 'ஷோத்கங்கா' என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியம் நிரம்பியது. மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் கட்டுரைகளுக்கும் அதே உறுதி வேண்டும். பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வுப் படிவத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே களஞ்சிய இணைப்பைக் கேட்கட்டும். உரிமை விதிகளைப் பார்த்துச் சொல்லவும், வரைவை வாங்கி ஏற்றவும் நூலகத்தில் இதற்கென்றே ஓர் ஆளை அமர்த்தட்டும்.