நீலநிறப் படம் ஒன்று: விலை 39 கோடியே 98 லட்சம்! வரைந்தவருக்கு என்ன கிடைக்கும்?

தருமபுரிக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. பட்டுக்கூடு அங்காடியில் தினமும் பார்ப்பதுதான். பென்னாகரத்தில் இருந்தும் பாலக்கோட்டில் இருந்தும் விவசாயி கூடு கொண்டு வருகிறார். நூற்பாளர்கள் கூட்டை அள்ளிப் பார்த்து விலை கேட்கிறார்கள். கூடுதலாகக் கேட்டவருக்கு சரக்கு. பணம் புழு வளர்த்தவருக்கு.

ஆனால் மும்பையில் நடக்கும் ஓவிய ஏலத்தின் கதையே வேறு!

கடலா? வானமா?

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் மும்பையில் சாப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு படம் 39 கோடியே 98 லட்சம் ரூபாய்க்கு விலை போனது. அதுவரை ஏலத்தில் விற்ற இந்திய ஓவியங்களில் அதுதான் அதிக விலை.

படத்தில் படகு இல்லை, மரம் இல்லை, மனிதனும் இல்லை. நீலமும் பச்சையும் கலந்த வண்ணம். அதன் நடுவே வெளிச்சம். கடல் தண்ணீரில் வெயில் மின்னுவது போல இருக்கிறது என்கிறார்கள் பார்த்தவர்கள். படத்துக்குப் பெயரும் கிடையாது.

"இதுக்கா இவ்வளவு காசு?" என்று வாயைப் பிளக்காதவர் யார்?

யார் இந்த ஓவியர்?

வரைந்தவர் வாசுதேவ் கெய்தோண்டே. 1924-ல் நாக்பூரில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்து 1948-ல் பட்டயம் பெற்றார். பிறகு கடலோரத்தில் இருந்த புலாபாய் தேசாய் நினைவு நிலையத்தில் வேலை செய்தார். ஜன்னலுக்கு எதிரே அரபிக்கடல்!

தூரிகையை விட உருளையும் கத்தியும் கொண்டு வண்ணம் பூசியவர். அவசரம் என்பதே கிடையாது. வருடத்துக்கு நாலைந்து படம் முடித்தாலே அதிகம். 1971-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. டெல்லி நிஜாமுதீனில் சிறிய மாடி அறையில் பல ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார்.

அந்த நீலப்படத்தை அவர் வரைந்தது 1961-ல். அது கோடிகளுக்கு விற்றது 2021-ல். இடையில் 60 வருடம். அவர் 2001-லேயே காலமாகி விட்டார்!

பணம் யாருக்கு?

ஏலத்தில் விற்பவர், படத்தை அப்போது கையில் வைத்திருப்பவர். ஏல நிறுவனம் முன்கூட்டியே ஒரு மதிப்பு போடும். கேட்பவர் அட்டையைத் தூக்குவார். கடைசியாகக் கேட்டவர் பெயருக்கு சுத்தியல் விழும். அந்தத் தொகைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான். இந்தக் கணக்கில் ஓவியர் பெயருக்கு இடமே இல்லை.

அப்படியானால் வரைந்தவன் குடும்பத்துக்குப் பட்டை நாமம்தானா?

சட்டம் இருக்கிறது!

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். பிரிவு 53-ஏ. அசல் ஓவியமோ சிற்பமோ 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், படைத்தவருக்கும் அவருடைய வாரிசுக்கும் அந்த விலையில் பங்கு கேட்க உரிமை உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை இந்த உரிமை செல்லும். சம்பளத்துக்கு வேலை பார்த்து, உரிமை முதலிலேயே முதலாளிக்குப் போயிருந்தால் கேட்க முடியாது.

நீலப்படத்தின் விலையில் 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய 4 கோடி ரூபாய்!

பிரான்ஸ் நாட்டில் இப்படி ஒரு சட்டம் 1920-லேயே வந்து விட்டது. இங்கே பங்கு தானாக வீடு தேடி வராது. கேட்டால்தான் உண்டு.

நம்ம ஊர் ஓவியர்களுக்கு...

1966-ல் சென்னைக்கு அருகே கடற்கரையில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார்கள். துணியில் பத்திக் வேலை செய்து விற்ற காசும் அதற்கு உதவியது. அவர்களுக்கும், தருமபுரியில் படம் வரையும் டிராயிங் மாஸ்டருக்கும் சட்டம் ஒன்றுதான்.

படத்தை விற்கும்போது யாருக்கு விற்றோம், என்ன தேதி, என்ன விலை என்று ஒரு ரசீது எழுதி வையுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். இன்றைக்கு 500 ரூபாய்க்குப் போகிற படம் நாளைக்கு எந்த ஏலத்தில் ஏறும் என்று யார் கண்டது?

கூடு விற்ற விவசாயி காசை எண்ணிக்கொண்டு பஸ் ஏறுகிறார். படம் வரைந்தவர் வீட்டிலும் அந்தக் காசு கொஞ்சமாவது எண்ணப்பட வேண்டாமா?