சீனத் தலைவர் பெயர்களும் தமிழ் எழுத்து மரபும்

பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறை பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் வடமொழி, ஆங்கிலம் ஆகிய இரண்டனோடு நின்றுவிடுகின்றது. சீனப் பொதுவுடைமை வரலாற்றை உருவாக்கிய தலைவர்தம் பெயர்கள் தமிழ் நூல்களில் பெற்றுள்ள வடிவங்களை ஈண்டு நோக்குவோம். 1949 அக்டோபர் 1 அன்று மக்கள் குடியரசு நிறுவப்பெற்றதை அறிவித்தவர் (1893–1976) மா சே துங், மாவோ சேதுங், மாவோ ஜெடாங் எனப் பலவாறு எழுதப்படுகின்றார். அக்குடியரசின் முதற் பிரதமராகி இறுதிவரை அப்பதவியில் இருந்தவர் (1898–1976) சௌ என்லாய் என்றும் சூ என்லாய் என்றும் வழங்கப்படுகின்றார். செஞ்சேனைத் தலைவர் சூ தே (1886–1976) முற்றிலும் வேறானவர், குடிப்பெயரும் வேறு. ஒருவரை மூவராகவும், வேறு குடியினர் இருவரை ஒரு குடியினராகவும் மாணவர் மயங்குவதற்கு இவ்வெழுத்துமுறையே காரணமாகின்றது.

இம்மயக்கத்தின் தோற்றுவாய் உரோமன் எழுத்தாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வகுத்த வேட்–கைல்ஸ் முறை நெடுநாள் வழங்கிற்று. 1958 பிப்ரவரியில் சீன மக்கள் பேரவை பின்யின் முறையை ஏற்றது. அதன் நோக்கத்தை முந்திய மாதமே விளக்கிப் பேசியவர் சௌ என்லாய் என்பது குறிப்பிடத்தக்கது. அயல்நாட்டு வெளியீடுகளில் அது 1979 முதல் நிலைபெற்றது. எனவே மாவும் சௌவும் பழைய முறைவழியே தமிழுக்கு வந்தனர். 1978 இறுதியில் தலைமை எய்திய டெங் சியாவோபிங் (1904–1997) இருமுறையிலும் வந்தார். ஷி ஜின்பிங் புதிய முறையில் மட்டுமே வந்தார்.

புதியது செம்மையானது எனக் கருதுவோர் பலர். ஒலிநூல் நெறியில் ஆராயின் அவ்வாறு தோன்றவில்லை. சீனப் பொதுமொழியின் வெடிப்பொலிகளில் குரல்நாண் அதிரும் ஒலியே இல்லை. மூச்சு மிக்கது, மிகாதது என்ற வேறுபாடே உண்டு. பின்யினில் ‘டி’ என்னும் எழுத்து மூச்சு மிகாத, அதிர்வில்லாத ஒலியைக் குறிக்கும். அது நம் மொழிமுதல் தகரத்திற்கு மிக அணியது. அவ்வெழுத்தை ஆங்கில வழக்கில் படித்தமையால் ‘டாங்’ பிறந்தது. சீனர் நாவிலோ ‘துங்’ என்பதற்கு நெருங்கியதே ஒலிக்கின்றது. பழந்தமிழ் வடிவமே சிறந்ததென்பது எம் கருத்து. சேர்த்தெழுதின் உயிரிடைத் தகரம் மெலிந்து ஒலிக்குமாதலின், ‘மா சே துங்’ எனப் பிரித்தெழுதியதும் பொருத்தமே. ஆயினும் ‘மா’ என்பதில் ஈற்று உகரச் சாயல் கெட்டது. அவ்வளவில் ‘மாவோ’ மேலானது.

மற்றொரு மயக்கம் தமிழருக்கே உரியது. நாம் ழகரத்தை உரோமன் எழுத்தில் குறிக்க வழங்கும் இசட், எச் என்னும் இணை, பின்யினில் சகரத்தை ஒத்ததொரு வல்லொலியைக் குறிக்கின்றது. சௌவின் பெயர் அவ்விணையோடு தொடங்குவதால், ‘ழௌ’ எனப் படிக்கத் தூண்டும். ழகரத்தை ஓரளவு ஒக்கும் ஒலியும் சீனத்தில் உண்டு. அதைக் குறிப்பதோ ‘ஆர்’ என்னும் எழுத்து!

அயற்பெயரைத் தன் ஒலிக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வாரின் இயற்பெயராகிய விஷ்ணுசித்தர் என்பது, அவர் பாசுரங்களிலும் ஆண்டாள் பாசுரங்களிலும் ‘விட்டுசித்தன்’ என்றே நிற்கின்றது.

பெயரின் வரிசைமுறைக்கு அண்மையூராகிய ராஜபாளையம் சான்று தரும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா அவ்வூரினர். சௌ பிறந்த 1898ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்துக் குறிக்கும் ‘பூசபாடி’ என்பது வீட்டுப்பெயர். ராஜபாளையம் ராஜுக்களிடையே வீட்டுப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருதல் போலவே, சீனரிடத்துக் குடிப்பெயர் முன்னிற்கும். மா என்பது குடிப்பெயர். சே துங் என்பது இயற்பெயர். ஆங்கில வழக்கைப் பின்பற்றி இறுதிச் சொல்லைக் குடிப்பெயராகக் கொண்டு ‘துங், மா சே’ என அடைவில் அமைப்பது, குமாரசாமி ராஜாவைப் ‘பூசபாடி’ என்னும் இயற்பெயருடையார் என்று கொள்வதனோடு ஒக்கும்.