பனிமலையில் ஒரு மெக்கானிக் – 11: காலை ஸ்டார்ட்டுக்குச் சாயங்கால வேலை

திராஸ் வந்து சேர்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சோஜி லா கணவாய் 11,500 அடிக்கு மேலே இருக்கிறது. அதை மூடிக் கிடக்கும் பனியைச் சோனாமார்க் பக்கமிருந்து ஒரு கூட்டம் வெட்டிக்கொண்டு வரும், திராஸ் பக்கமிருந்து நாங்கள் வெட்டிக்கொண்டு போவோம். இரண்டு பக்கத்து டோசரும் நேருக்கு நேர் வந்து நிற்கிற நாளில்தான் லடாக்குக்கு லாரி ஓடும். எங்கள் காலத்தில் அந்தப் பாதை வருடத்தில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்தது. 2025-ல் 32 நாளிலேயே திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்தபோது, அந்த 32 நாளும் விடியற்காலையில் எஞ்சினோடு மல்லுக்கட்டிய பையன்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒப்படைத்தது பழைய பெமல் டி-80 டோசர். மணி மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. முதல் நாள் விடியற்காலை குளிர் மைனஸ் 20. சுவிட்சைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் 'டக்'கென்று ஒரு சத்தம் கொடுத்தது, அவ்வளவுதான். பேட்டரிப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தால், இரண்டு பேட்டரியில் ஒன்று பக்கவாட்டில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலில் கண்ணாடித் துண்டு மாதிரி பனிக்கட்டி மினுங்கியது.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களுக்கு மூத்த மெக்கானிக். எல்லோருக்கும் அண்ணன். விரலால் அந்த விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி தண்ணி ஊத்துனியால?"

"ஆமாண்ணே. லெவல் குறைஞ்சிருந்துச்சு."

"ஊத்துனா அரை மணி நேரமாவது வண்டிய ஓட விடணும்லா? சார்ஜ் ஏறுனாத்தான் தண்ணியும் ஆசிடும் கலக்கும். நீ ஊத்துன தண்ணி மேலயே நின்னுருக்கு. இந்தக் குளிருக்கு அது உறையாம என்ன செய்யும்?"

எங்கள் ஊர் ஷெட்டில் வேலை முடிந்த பிறகுதான் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவோம். அந்தப் பழக்கத்தில் செய்தது. ஒரு பேட்டரி போனது, அரை நாள் வேலை போனது. அண்ணன் அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். முழுச் சார்ஜில் 1.260 காட்டும் பேட்டரி மைனஸ் 50 வரை போனாலும் உறையாது. அதே பேட்டரி 1.150-க்கு இறங்கிவிட்டால் மைனஸ் 15-லேயே கட்டியாகிவிடும். உறையாமல் தப்பித்தாலும் அந்தக் குளிரில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். செல்ஃபுக்கோ அப்போதுதான் அதிக பலம் தேவை, ஏனென்றால் சம்ப்பில் இருக்கிற ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடக்கும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கும்போது பிறக்கிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சமவெளியில் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும். இங்கே உள்ளே போகும் காற்றே மைனஸ் 20. அதன் அழுத்தமும் நம்மூர்க் காற்றின் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். சிலிண்டர் சுவர் ஜில்லென்று இருந்து பிறக்கிற சூட்டைக் குடித்துவிடும். கிராங்க் மெதுவாகச் சுற்றினால், நெருக்கிய காற்று பிஸ்டன் ரிங் சந்தில் கசிந்துவிடும். ரிங் தேய்ந்த பழைய எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். மேலே பேட்டரியையும் ஆயிலையும் பற்றிச் சொன்னதெல்லாம் கடைசியில் இந்த ஒரு இடத்தில்தான் வந்து முட்டுகிறது: எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். காலையில் அது சுற்றுமா என்பது முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிடுகிறது.

இதற்காக அண்ணன் வைத்திருந்த சாயங்கால வேலை இது. எஞ்சின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை டின்னில் இறக்கிவிட வேண்டும். பேட்டரிகளைக் கழற்றி, புகாரி அடுப்பு எரியும் அறைக்குத் தூக்கிவர வேண்டும். டீசல் டேங்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும், காலி இடம் விட்டால் அதிலிருக்கும் ஈரம் ராத்திரியில் வேர்த்துத் தண்ணீராக இறங்கி, குழாயில் பனிக்கட்டியாக அடைக்கும். செயினில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் சுரண்டிவிட்டு வண்டியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். பிளேடுக்கு அடியிலும் கட்டை. மண்ணோடு உறைந்த செயினைக் காலையில் இழுத்தால் எது முறியும் என்று சொல்ல முடியாது.

டீசலின் குணமும் அங்கே மாறிவிடும். அதில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் திரிதிரியாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருக்கும். நாங்கள் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்தோம். வேறு வழியில்லை, ஆனால் அது நல்ல வழியும் இல்லை. டீசல் பம்ப்புக்கு டீசலின் பசைதான் மசகு. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, பம்ப் தேய்ந்துவிடும். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை தாங்கும் குளிர்கால டீசலை இறக்கியது. இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பம்ப் பிழைத்திருக்கும்!

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் அடிக்கிற ஈதர் ஸ்பிரே பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போகும் பிள்ளைகள் கண்ணில் இது படட்டும். ஈதர் டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து ரிங்கை உடைத்துவிடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடித்தால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். அண்ணன் அந்த டப்பாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். நான் இருந்தவரை ஒரு முறைகூட வெளியே எடுக்கவில்லை.

இந்தக் கணவாய்க்கும் தமிழ்க் கைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1948 நவம்பர் 1-ஆம் தேதி நம் ராணுவ டாங்குகள் சோஜி லாவில் ஏறியதே, அந்தக் கோவேறு கழுதைப் பாதையை டாங்க் போகும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் போன மெட்ராஸ் சேப்பர்ஸ் வீரர்கள். 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் அவர்களுக்குப் பெயர். பனியில் கை மரத்துப்போகும்போதெல்லாம் அண்ணன் அதைச் சொல்லுவார்.

பேட்டரி போனதற்கு மறுநாள் விடியற்காலை. அடுப்பில் சூடேற்றிய ஆயிலை ஹெல்ப்பர் டின்னோடு தூக்கி வந்தான். கையுறையைக் கழற்றாதே என்று அண்ணன் அவனிடம் இரண்டு தடவை சொன்னார், அந்தக் குளிரில் விரலில் டீசல் பட்டால் தோல் வெந்தது போலாகிவிடும். ஆயில் இறங்கும்போது ஆவி பறந்தது. பேட்டரிகளை மாட்டினோம், ஒன்று பக்கத்து வண்டியில் இரவல் வாங்கியது. பத்து செகண்ட் சுற்றினேன். "விடு, ரெண்டு நிமிஷம் செல்ஃப் ஆறட்டும்" என்றார். மறுபடி பத்து செகண்ட். மூன்றாவது தடவை ஒரு சிலிண்டர் 'தொப்'பென்று இருமியது. பிறகு இன்னொன்று. ஆறும் சேர்ந்துகொள்ளக் கால் நிமிடம் ஆகியிருக்கும். சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை கொட்டியது, கண் எரிந்தது. அதெல்லாம் எரியாத டீசல். அண்ணன் ஆயில் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் எழுந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

வெறும் ஐட்லிங்கில் விடாமல் ரேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்தோம். மெதுவாகவே ஓடவிட்டால் சிலிண்டர் சூடே ஏறாது, எரியாத டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். வெள்ளைப் புகை மெலிந்து நின்றபின் பிளேடை ஒரு சாண் தூக்கி இறக்கினேன், ஹைட்ராலிக் ஆயிலும் விழிக்க வேண்டுமே. பிறகு ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே. கட்டைகள் நொறுநொறுவென்றன. முதல் பிளேடு பனியைத் தள்ளும்போது மணி எட்டே முக்கால்.

அன்று சாயங்காலம் நானே ஆயிலை இறக்கி, டேங்கை நிரப்பி, பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். அண்ணன் பக்கத்தில் வரவில்லை. அறை வாசலில் டீ கிளாஸோடு நின்று, நான் இரண்டாவது பேட்டரியையும் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்வரை கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

(தொடரும்)